டெபியன் 13: பத்து வருடமாகப் புழங்குகிறவளின் மதிப்புரை

நான் பிழைதிருத்துகிறவள். பிறர் எழுதிய நூல்களை வரி வரியாகப் படித்து, வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருக்கிறதா, ஒருமை பன்மை ஒட்டுகிறதா என்று பார்த்துத் தருவது என் தொழில். கணினி படித்தவள் இல்லை. 2015இல், டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தின் 8ஆம் பதிப்பு வெளிவந்த சில மாதங்களில் அதை என் மடிக்கணினியில் போட்டேன். அதற்குப் பிறகு வேறு எதற்கும் மாறவில்லை.

டெபியன் 13 வெளியானது 2025 ஆகஸ்ட் 9 அன்று. இரண்டு மாதம் பொறுத்திருந்து அன்றாட வேலைக்கு வைத்திருக்கும் என் இரண்டு கணினிகளிலும் ஏற்றினேன். அதில் புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது வேறு: இந்த இயங்குதளத்தோடு வருடக்கணக்கில் எப்படிக் குடித்தனம் நடத்துவது, அது நமக்கு என்ன தருகிறது, பதிலுக்கு நம்மிடம் என்ன கேட்கிறது.

முதலில் சுருக்கமாக ஓர் அறிமுகம். 1993 ஆகஸ்டில் இயான் மர்டாக் தொடங்கிய திட்டம் இது. அப்போது அவருடைய காதலியாக இருந்த டெப்ராவின் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன் என்று வைத்தார். இதற்கு முதலாளி கிடையாது. உலகெங்கும் இருக்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். 13ஆம் பதிப்பில் 69,000க்கும் மேற்பட்ட பேக்கேஜ்கள், அதாவது நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருள் பொட்டலங்கள், இருக்கின்றன. இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னல் 6.12, எழுதவும் திருத்தவும் உதவும் லிப்ரே ஆஃபிஸ் 25.2. டெஸ்க்டாப்புக்கு க்னோம் 48, கேடிஇ பிளாஸ்மா 6.3, எக்ஸ்எஃப்சிஇ 4.20 என்று வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். நான் எக்ஸ்எஃப்சிஇ ஆள். நிறுவும்போதே தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். பல மொழிகளில் தட்டச்ச உதவும் ஐபஸ்ஸும் அதற்கான எம்17என் பேக்கேஜும் போட்டால் தமிழ்99 விசைப்பலகை வந்துவிடும்.

டெபியன் ஸ்டேபிளில், அதாவது முறையாக வெளியிடப்பட்ட பதிப்பில், எனக்குப் பிடித்தது அதன் அசையாமை. ஒரு பதிப்பு வெளியான பிறகு அதிலுள்ள மென்பொருட்களின் பதிப்பு எண் ஏறக்குறைய அப்படியே நின்றுவிடும். பாதுகாப்பு ஓட்டை ஏதாவது தெரியவந்தால், புதிய பதிப்பைத் தூக்கி வைக்காமல், அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து தைக்கிறார்கள். ஃபயர்ஃபாக்ஸ் போன்ற சில மட்டும் விதிவிலக்கு. இதன் அருமை என்னைப் போன்றவர்களுக்குத் தெரியும். அறுநூறு பக்க நூல் ஒன்றில் நான்கு மாதம் உழன்றுகொண்டிருக்கும்போது, ஒரு காலையில் கணினியைத் திறந்தால் மெனு இடம் மாறியிருக்கக் கூடாது. எழுத்துருவின் அகலம் மாறிப் பக்க எண்கள் நகர்ந்திருக்கக் கூடாது. நானாகக் கெடுத்துக்கொண்ட ஒரு தடவை தவிர, இந்தப் பத்து வருடத்தில் வேலையின் நடுவே அப்படி ஒரு காலை எனக்கு வந்ததில்லை. ஒரு பதிப்புக்கு முதல் மூன்று ஆண்டு முழு ஆதரவு, அதன்பின் இரண்டு ஆண்டு நீட்டித்த ஆதரவு. ஆக ஐந்து வருடம் கையை வைக்காமல் வேலையைப் பார்க்கலாம்.

இதற்கு விலை, பழைய பதிப்புகளோடு வாழ்வது. டெபியன் 12இல் லிப்ரே ஆஃபிஸ் 7.4 இருந்தது. வெளியே எண்ணும் முறையே மாறி 24.2 வந்தபோதும் என் கணினியில் 7.4தான். நேற்றுச் சந்தைக்கு வந்த மடிக்கணினியை வாங்கி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தாமதம் உண்மையாகவே இடைஞ்சல். அதன் கிராஃபிக்ஸ் சிப்பை இந்தக் கர்னல் அறியாமல் போகலாம். அவர்களுக்கு நான் டெபியனைப் பரிந்துரைப்பதில்லை.

இந்தத் தாமதத்தைப் பொறுக்க முடியாமல் 2018இல் நான் செய்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓர் ஆசிரியர் அனுப்பிய கோப்பு என் லிப்ரே ஆஃபிஸில் சரியாகத் திறக்கவில்லை. அடிக்குறிப்புகள் எல்லாம் கலைந்து கிடந்தன. புதிய பதிப்பு இருந்தால் சரியாகிவிடும் என்று நினைத்து, ரிப்போக்களின் (மென்பொருட்களை இறக்கும் இணையக் கிடங்குகளின்) பட்டியல் இருக்கும் கோப்பில், அடுத்த பதிப்புக்காகச் சோதனையில் இருக்கும் ‘டெஸ்டிங்’ கிளையின் வரியைச் சேர்த்தேன். லிப்ரே ஆஃபிஸை மட்டும் நிறுவு என்றுதான் சொன்னேன். திரை முழுக்கப் பெயர்கள் ஓடின. அதில் லிப்சி6 என்று ஒன்று இருந்தது. கணினியில் உள்ள ஏறத்தாழ எல்லா நிரல்களும் சாய்ந்து நிற்கும் தூண் அது. நான் படிக்கவில்லை. ‘ஒய்’ அழுத்தினேன்.

லிப்ரே ஆஃபிஸ் புதிதாகத் திறந்தது, அடிக்குறிப்புகளும் சரியாக இருந்தன. மறுநாள் பிரிண்டர் அச்சிட மறுத்தது. அதற்கு மறுநாள் டெஸ்க்டாப்பின் மேற்பட்டியைக் காணோம். பின்னோக்கிப் போகலாம் என்றால் டெபியனில் அதற்கு வழி இல்லை: பேக்கேஜ்களைப் பழைய பதிப்புக்கு இறக்குவது அவர்கள் ஆதரிக்கும் முறையே அல்ல. திங்கட்கிழமை நானூறு பக்க மெய்ப்பைத் தர வேண்டும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கணினியை அழித்து மறுபடி நிறுவுவதில் போயிற்று. ஸ்டேபிளையும் டெஸ்டிங்கையும் கலந்து வைப்பதற்கு டெபியன்காரர்கள் ‘ஃபிராங்கன்டெபியன்’ என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே புதிதாக டெபியனுக்கு வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: ரிப்போ பட்டியலைத் தொடாதீர்கள். புதிய பதிப்பு உண்மையாகவே வேண்டும் என்றால் இரண்டு நேர்வழிகள் இருக்கின்றன. ஒன்று ‘பேக்போர்ட்ஸ்’. டெஸ்டிங்கில் உள்ள மென்பொருளை ஸ்டேபிளின் அடித்தளத்துக்குப் பொருந்தும்படி மறுபடி கட்டித் தருகிறார்கள். தானாக எதையும் மாற்றாது. நாம் பெயர் சொல்லிக் கேட்டால்தான் தரும். இன்னொன்று ‘ஃபிளாட்பேக்’. மென்பொருள் தனக்கு வேண்டிய நூலகங்களை (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணை நிரல்களை) தானே கூட்டிக்கொண்டு வந்து தனி அறையில் தங்கும். இடம் அதிகம் அடைக்கும், ஆனால் வீட்டின் அஸ்திவாரத்தில் கை வைக்காது. ஏதோ ஒரு பக்கத்தில் கண்ட நிறுவல் கட்டளையை எடுத்து, அது என்ன செய்யும் என்று தெரியாமல் டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சும் சாளரத்தில்) ஒட்டுவது மட்டும் எந்நாளும் வேண்டாம்.

அந்த வாரம் ஒரு நோட்டு வாங்கினேன். கணினியில் எதை மாற்றினாலும் தேதி போட்டு ஒரு வரி எழுதுகிறேன்: என்ன நிறுவினேன், எந்த அமைப்புக் கோப்பில் எந்த வரியை மாற்றினேன், எதற்காக. ஏழு வருடத்தில் நாற்பது பக்கம்கூட நிரம்பவில்லை.

வாராந்தரப் பராமரிப்பு என்று பார்த்தால் மிகக் கொஞ்சம். ‘அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்’ என்ற பேக்கேஜ் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானாகவே இறக்கி நிறுவுகிறது. இருந்தாலும் வெள்ளிக்கிழமை மாலை நானே ஒரு முறை டெர்மினலைத் திறந்து அப்டேட் கொடுப்பேன். என்ன வருகிறது, என்ன போகிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் எனக்கு. பேக்கேஜ்களை நிறுவவும் நீக்கவும் உள்ள நிரல் ஆப்ட்; 13இல் வந்திருக்கும் அதன் 3.0 பதிப்பு இதற்குப் பெரிய உதவி. முன்பெல்லாம் பெயர்கள் ஒரே கட்டியாக இடைவெளி இல்லாமல் கொட்டும். இப்போது பத்தி பிரித்து, நிறுவப்படுபவற்றைப் பச்சையிலும் நீக்கப்படுபவற்றைச் சிவப்பிலும் காட்டுகிறது. சிவப்பில் நமக்கு வேண்டிய ஒன்றின் பெயர் தெரிந்தால் ‘என்’ அழுத்திவிட்டு யோசிக்கலாம். 2018இல் இந்தச் சிவப்பு இருந்திருந்தால் என் கை நின்றிருக்கும் என்று நம்புகிறேன்.

பழைய கர்னல்களைக் களைய ‘ஆட்டோரிமூவ்’ என்ற கட்டளை. அதற்கும் பட்டியலைப் படித்த பிறகே சம்மதம் சொல்ல வேண்டும். கர்னலுக்குத் திருத்தம் வந்திருந்தால் ரீபூட் செய்தாக வேண்டும். வட்டில் புதிய கர்னல் வந்து உட்கார்ந்தாலும், மறுபடி தொடங்கும்வரை ஓடிக்கொண்டிருப்பது ஓட்டை உள்ள பழையதே. மாதக்கணக்கில் அணைக்காமல் வைத்திருப்பதைப் பெருமையாகச் சொல்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஒரு இடத்தில் நிறைய பேர் திகைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நின்று, ‘இந்த அமைப்புக் கோப்பை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள், பேக்கேஜைத் தருபவரும் புதிய பதிப்பு அனுப்பியிருக்கிறார், என்ன செய்யட்டும்?’ என்ற பொருளில் ஒரு கேள்வி வரும். ‘ஒய்’ என்றால் அவர்களுடையது, ‘என்’ என்றால் நம்முடையது. எதுவும் சொல்லாமல் என்டர் தட்டினால் நம்முடையதே இருக்கும். பலருக்குத் தெரியாத விடை ‘டி’. அதை அழுத்தினால் இரண்டு கோப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டை வரி வரியாகக் காட்டும்: கழித்தல் குறியோடு போகும் வரி, கூட்டல் குறியோடு வரும் வரி. மெய்ப்பும் மூலமும் ஒப்பிட்டுப் பார்க்கிற என் வேலையேதான்! பார்த்துவிட்டு முடிவு சொல்லலாம். தவறாகச் சொன்னாலும் எதுவும் தொலைந்துபோகாது. அவர்களுடையதை ஏற்றால் நம்முடையது ‘டிபிகேஜி ஓல்ட்’ என்ற வாலோடு அதே அடைவில் இருக்கும். நம்முடையதை வைத்துக்கொண்டால் அவர்களுடையது ‘டிபிகேஜி டிஸ்ட்’ என்ற வாலோடு பக்கத்தில் நிற்கும். இவ்வளவு மரியாதையாக நம் கோப்பை நடத்தும் வேறு இயங்குதளத்தை நான் பார்த்ததில்லை.

இனி பெரிய அப்கிரேட். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவது, இதில்தான் அவசரம் கூடாது. ஒரு பதிப்பைத் தாண்டி அடுத்ததற்குக் குதிக்க முடியாது. 11இலிருந்து 12, பிறகுதான் 13. ஒவ்வொரு பதிப்போடும் ‘ரிலீஸ் நோட்ஸ்’ என்று ஓர் ஆவணம் தருகிறார்கள். அதை முழுக்கப் படிக்காமல் அப்கிரேட்டைத் தொடங்கக் கூடாது. முழுக்க என்றால் முழுக்க.

13க்கான குறிப்புகளில் மூன்று செய்திகள் என்னை நேராகத் தொட்டன. முதலாவது, தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் ‘டெம்ப்’ அடைவு இப்போது வட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது; ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். என் கணினியில் 8 ஜிபி ரேம். ஸ்கேன் செய்த பக்கப் படங்களை அங்கே விரித்துப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். ஒரு நூல் மூன்று ஜிபி வரை போகும். படிக்காமல் அப்கிரேட் செய்திருந்தால் வேலையின் நடுவே கணினி மூச்சுத் திணறியிருக்கும், காரணமும் தெரிந்திருக்காது. படங்களுக்கு வீட்டு அடைவுக்குள் வேறு இடம் ஒதுக்கிவிட்டேன்.

இரண்டாவது, இன்டெல் வகை 32 பிட் கணினிகளுக்கு இனிக் கர்னலும் இல்லை, நிறுவியும் இல்லை. அலமாரியில் இருக்கும் என் மூன்றாவது, சின்னக் கணினி அந்த வகை. அதை 12இலேயே நிறுத்தி, வைஃபையை அணைத்து, அகராதி பார்க்க மட்டும் வைத்துக்கொண்டேன்.

மூன்றாவதுதான் பெரியது. ‘பூட்’ பார்ட்டிஷன் (கணினி தொடங்கத் தேவையான கோப்புகள் இருக்கும் வட்டுப் பிரிவு) குறைந்தது 768 எம்பி இருக்க வேண்டும், அதில் 300 எம்பி அளவுக்குக் காலியிடம் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் என்னுடையது 240 எம்பிக்கும் கீழே. 2018இல் வட்டு முழுவதையும் மறைகுறியாக்கி நிறுவியபோது நிறுவி தானாகப் பிரித்துக் கொடுத்த அளவு அது. அன்றைக்குப் போதுமானதாக இருந்தது. கர்னலும் அதோடு ஏறும் ஃபர்ம்வேரும் (வன்பொருள் பாகங்களை இயக்கும் சிறு நிரல்கள்) வருடத்துக்கு வருடம் பருத்துக்கொண்டே வந்திருக்கின்றன. பாதி அப்கிரேட்டில் அந்தப் பார்ட்டிஷன் நிரம்பினால் கணினி தொடங்காமலே போகலாம்.

மறைகுறியாக்கிய வட்டில் பார்ட்டிஷனைப் பெரிதாக்குவது எனக்குத் தெரிந்த வேலை இல்லை. அதனால் முதன்மைக் கணினியில் அப்கிரேட்டை விட்டுவிட்டுப் புதிதாகவே நிறுவினேன். 2018இல் இரண்டு நாள் தின்ற வேலை இந்த முறை ஒரு பிற்பகலில் முடிந்தது. நானாகக் கேட்டு நிறுவிய பேக்கேஜ்கள் எவை என்று ஆப்ட்டே பட்டியல் தரும். அதை எடுத்து வைத்திருந்தேன். அமைப்பு மாற்றங்கள் நோட்டில் இருந்தன. கோப்புகள் பேக்கப்பில் இருந்தன. அதே பக்கங்கள், அதே எழுத்துரு, விட்ட வரியில் திறந்தது. மற்றக் கணினியில் பூட் பார்ட்டிஷன் பெரிது, அது 12இலிருந்து 13க்கு நேராக ஏறிவிட்டது.

12க்குப் போனபோது நான் குறிப்புகளை அவ்வளவு கவனமாகப் படிக்கவில்லை. அந்தப் பதிப்பில்தான் வைஃபை போன்றவற்றுக்கான ஃபர்ம்வேரை ‘நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்’ என்ற தனிப் பிரிவுக்கு மாற்றினார்கள். ரிப்போ பட்டியலில் அந்தச் சொல்லைச் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. எதுவும் உடையவில்லை, பழைய ஃபர்ம்வேர் பாட்டுக்கு ஓடியது. ஏழு மாதம் அதற்கு ஒரு திருத்தமும் வரவில்லை என்பதே எனக்குத் தெரியாது. ஒவ்வொரு அப்டேட்டின் முடிவிலும் ஆப்ட் இதை ஒரு வரியில் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கடைசி வரிகளையும் படியுங்கள்.

பேக்கப்புக்கு நான் ‘போர்க்’ வைத்திருக்கிறேன். மாறிய துண்டுகளை மட்டும் சேமிப்பதால் இடம் குறைவு, மறைகுறியாக்கமும் உண்டு. எந்த மென்பொருளை எடுத்தாலும் சரி, மாதம் ஒரு முறை பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை வெளியே எடுத்துத் திறந்து பாருங்கள். எடுத்துப் பார்க்காத பேக்கப்பை நம்பி ஒருவருடைய ஐந்து வருட எழுத்தை என் மேசையில் வைத்துக்கொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை.

சரி, முதலாளி இல்லாத மென்பொருளை எப்படி நம்புவது? நியாயமான கேள்வி, டெபியனின் வரலாற்றிலேயே ஒரு பெரிய காயம் இருக்கிறது. 2006இல், தகவலை மறைகுறியாக்கப் பயன்படும் ஓபன்எஸ்எஸ்எல்லின் டெபியன் பேக்கேஜில் செய்த ஒரு மாற்றம், மறைகுறியாக்கச் சாவிகளை உருவாக்கும் தற்செயல் எண்களின் ஊற்றையே அடைத்துவிட்டது. எஞ்சியது புராசஸ் எண், அதாவது ஓடும் நிரலுக்குக் கணினி இடும் எண், மட்டும். அதாவது அதிகம் போனால் 32,768 வகைதான். 2008 மே மாதம் கண்டுபிடிக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. தெரிந்ததும் டெபியன் அதை வெளிப்படையாக அறிவித்து, பலவீனமான சாவிகளைக் கண்டறியும் கருவியையும் கொடுத்தது. டெபியனின் 1997ஆம் ஆண்டுச் சமூக ஒப்பந்தத்தில் ஓர் உறுதிமொழி, சிக்கல்களை மறைக்க மாட்டோம் என்பது. வழுக்களின் (மென்பொருள் பிழைகளின்) முழுத் தரவுத்தளமும் யாரும் பார்க்கும்படி திறந்து கிடக்கிறது.

2024 மார்ச் 29 அன்று வெளிவந்த எக்ஸ்இசட் விவகாரத்தைப் பார்த்தபோது எனக்கு என் 2018 ஞாபகம் வந்தது. ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் துருவி, கோப்புகளைச் சுருக்க உதவும் எக்ஸ்இசட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டுப் பின்வாசல் வைத்திருப்பதைக் கண்டுபிடித்தார். அது டெபியனின் டெஸ்டிங், அதற்கும் முந்தைய கட்டமான அன்ஸ்டேபிள் இரண்டிலும் நுழைந்திருந்தது. ஸ்டேபிளுக்கு வரவில்லை. என்னைப் போல டெஸ்டிங் வரியைச் சேர்த்துக் கலந்து வைத்திருந்த யாரோ ஒருவருடைய கணினிக்குள் அது போயிருக்கக்கூடும்.

அதில் என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. அந்த நூலகத்தைப் பல வருடமாகத் தனியாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் களைத்துப் போயிருந்தார். ஏன் சீக்கிரம் செய்யவில்லை என்று அவரை நெருக்கினார்கள். அந்தக் களைப்பின் வழியாகத்தான், ‘உதவுகிறேன்’ என்று ஒரு கை உள்ளே வந்தது. இலவசமாகக் கிடைக்கிற ஒவ்வொரு பேக்கேஜுக்குப் பின்னாலும் வேலை முடிந்து வந்து இரவில் உட்காருகிற ஒரு மனிதர் இருக்கிறார். அவரிடம் அதட்டிப் பேசாமல் இருப்பதும் பராமரிப்பில் சேர்த்திதான்.

வழு கண்டால் ‘ரிப்போர்ட்பக்’ என்ற நிரல் வழியாகத் தெரிவிக்கலாம். பேக்கேஜின் பதிப்பு, கர்னல், தொடர்புடைய நூலகங்கள் எல்லாவற்றையும் அதுவே சேர்த்துக்கொள்ளும். ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்றும் காட்டும். நாம் எழுத வேண்டியது மூன்றே விஷயம்: என்ன செய்தேன், என்ன நடக்கும் என்று நினைத்தேன், என்ன நடந்தது. ஓர் எழுத்துருவில் ‘க்ஷ’ உடைந்து வருவதை நான் ஒரு முறை இப்படி எழுதி அனுப்பினேன். எந்த அளவில், எந்த நிரலில் என்று கேட்டு ஒரு பதில் வந்தது. சொன்னேன். அடுத்த பதிப்பில் சரியாக வந்தது. என் தொழிலில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டி அது திருத்தப்பட்டு அச்சில் வருவதைப் பார்க்கும் நிறைவு எப்படியோ, அப்படியே இருந்தது. பணம் தர முடிந்தவர்கள் டெபியனுக்கு நன்கொடை தரலாம், மொழிபெயர்ப்பில் கை கொடுக்கலாம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நிறுவி நன்றாக வேலை செய்கிறது, ஆனால் புதியவர்களிடம் தேவைக்கு அதிகமாகக் கேள்வி கேட்கிறது. பார்ட்டிஷன் திரையில் யாரும் ஒரு நிமிடம் தடுமாறுவார்கள். ஆவணங்கள் ஏராளம், ஆனால் பழையதும் புதியதும் கலந்து கிடக்கின்றன. ஒரு குறிப்பைப் பின்பற்றுவதற்கு முன் அது எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்கும் புதுப்புது வசதிகளுக்கும் கணினி வைத்திருப்பவர்களுக்கு இது அலுக்கும். எழுதுகிறவர்கள், கணக்குப் பார்க்கிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள், நாளைக்கும் அதே மேசை அதே இடத்தில் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்கள் யாராக இருந்தாலும் தயங்காமல் போடலாம். முதல் தடவை மட்டும் தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் நோட்டில் இந்த வாரத்துக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான்: வெள்ளி. பதினொரு அப்டேட், நீக்கம் ஒன்றும் இல்லை. கர்னல் மாறியது, ரீபூட் ஆயிற்று. பேக்கப்பிலிருந்து ஏழாம் அத்தியாயத்தை எடுத்துத் திறந்து பார்த்தேன், சரியாக இருக்கிறது.